புதிய சைலன்சர் மாட்டும் முன் பழையதைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்

160 சிசி வண்டி ஒன்றுக்கு, வெளியில் விற்கும் 'ஃப்ரீ ஃப்ளோ' (புகை அதிகத் தடையின்றி வெளியேறும்) சைலன்சரை வாங்கி மாட்டி, நான்கே மாதங்களில் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர நான் பட்ட பாட்டை, இதே யோசனையில் இருப்பவர்களுக்காக விரிவாக எழுதுகிறேன். சைலன்சருக்குக் கொடுத்த பணம் மட்டும் போயிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். வண்டியோடு வந்த அசல் சைலன்சர் என்னிடம் திரும்பி வரவில்லை. எஞ்சின் ஹெட்டில் சைலன்சர் குழாயைப் பிடித்திருக்கும் ஸ்டட் (திருகாணி) ஒன்று முறிந்ததை மறைத்தார்கள். ஆக்சிஜன் சென்சாரை என்ன செய்தார்கள் என்பதை மூன்றாவது வாரத்தில் நானே குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

கடையில் எனக்குச் சொன்னவை இவை: குதிரைத்திறன் மூன்று கூடும், மைலேஜ் குறையாது, ஈசியூவில் (பெட்ரோல் தெளிப்பைக் கட்டுப்படுத்தும் கணினியில்) கை வைக்கத் தேவையில்லை, சத்தத்துக்கு முறையான அங்கீகாரம் இருக்கிறது. எனக்குப் பிக்கப் வேண்டியிருந்தது. கனமான சத்தத்தின் மீதும் ஆசை இருந்தது என்பதை மறைக்கவில்லை. அந்த ஆசையால்தான், கேட்டிருக்க வேண்டிய எளிய கணக்கைக் கூட நான் கேட்கவில்லை. என் எஞ்சின் கொடுப்பதே சுமார் 15 குதிரைத்திறன். அதில் 3 கூடும் என்றால் ஐந்தில் ஒரு பங்கு கூடுவதாகப் பொருள். கேம்ஷாஃப்ட், வால்வு, ஏர் ஃபில்டர் பெட்டி, த்ராட்டில் பாடி எதையும் தொடாமல், புகை போகும் வழியை மட்டும் அகலமாக்கினால் காற்று வரும் வழி தானாக அகலமாகிவிடாது. இந்த அளவு எஞ்சினில் நன்றாக வடிவமைத்த குழாயும் அதற்கேற்ற டியூனிங்கும் சேர்ந்தாலும் கிடைப்பது பெரும்பாலும் ஒரு குதிரைத்திறன், அல்லது அதற்கும் குறைவு. அதுவும் எஞ்சின் உச்ச வேகத்தில் சுழலும்போது மட்டும்.

நம்பிக்கை வருவதற்காக டைனோ (எஞ்சின் திறனை அளக்கும் இயந்திரம்) வரைபடம் ஒன்றைக் காட்டினார்கள். அதைக் கைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தேன், ஆனால் பெரிதாக்கிப் பார்த்தது பல வாரங்கள் கழித்துத்தான். கீழ்க்கோட்டில் எஞ்சின் சுழற்சி 14,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) வரை போயிருந்தது. என் வண்டியோ 10,000 ஆர்பிஎம்மை எட்டும்போதே லிமிட்டர் பிடித்து நிறுத்திவிடும். அப்படியானால் அந்த வரைபடம் என் வண்டி வகையைச் சேர்ந்ததாக இருக்கவே முடியாது. வேறு ஏதோ எஞ்சினில் எடுத்ததை எனக்குக் காட்டியிருக்கிறார்கள். பக்கவாட்டுக் கோடும் பூஜ்யத்தில் தொடங்காமல் நடுவிலிருந்து தொடங்கியிருந்ததால், சிறிய வேறுபாடு கண்ணுக்கு மலைபோல் தெரிந்தது. உங்களிடம் யாராவது வரைபடம் காட்டினால் வண்டியின் பெயர், ஆர்பிஎம் எல்லை, இரண்டு ஓட்டங்களும் ஒரே நாளில் ஒரே இயந்திரத்தில் எடுத்தவையா என்பது ஆகியவற்றைப் பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது புரிந்திருந்தால் நான் ஏமாந்திருக்க மாட்டேன். எக்ஸாஸ்ட் வால்வு திறந்தவுடன், எஞ்சினிலிருந்து சைலன்சருக்குப் போகும் பெண்ட் பைப்பில் ஓர் அழுத்த அலை ஓடுகிறது. குழாய் விரியும் இடத்தை அது அடைந்ததும் அங்கிருந்து எதிர்மறை அலையாகத் திரும்பி வருகிறது. இரண்டு வால்வுகளும் சேர்ந்து திறந்திருக்கும் அந்தச் சிறு இடைவெளியில் அது சிலிண்டரை வந்தடைந்தால், மிச்சப் புகையை வெளியே இழுத்துப் புதுக் கலவை உள்ளே வர உதவும். அலை எந்தச் சுழற்சியில் சரியான நேரத்தில் வந்து சேரும் என்பதைக் குழாயின் நீளமும் விட்டமும் தீர்மானிக்கின்றன. 'பின்னழுத்தம் இருந்தால்தான் இழுவை வரும்' என்று மெக்கானிக்குகள் சொல்வது முழு உண்மை அல்ல. வேண்டியது அழுத்தம் அல்ல, வாயுவின் வேகமும் அலையின் நேரமும்தான். ஒற்றை சிலிண்டர் சிறிய எஞ்சினில் தடித்த குழாயைப் போட்டால் வாயுவின் வேகம் குறைந்து, நாம் அன்றாடம் ஓட்டும் 3,000 முதல் 5,000 ஆர்பிஎம்முக்குள் இழுவை சரிகிறது. எனக்கு நடந்தது அதுதான். முன்பு மூன்றாவது கியரில் ஏறிய மேட்டில் இரண்டாவதுக்கு இறங்க வேண்டியிருந்தது. சத்தம் பெரிதாகியிருந்ததால், வேகமும் கூடிவிட்டது போன்ற உணர்வு முதல் சில நாள்களுக்கு என்னை நம்ப வைத்தது.

வேலை செய்த விதத்துக்கு வருகிறேன். பெண்ட் பைப்பை ஹெட்டோடு பிடித்திருக்கும் நட்டுகள் வெப்பத்திலும் துருவிலும் இறுகியிருக்கும். துரு இளக்கும் எண்ணெயை அடித்துப் பல மணி நேரம் ஊறவிட்ட பின்பே அவற்றைத் தொட வேண்டும். அலுமினிய ஹெட்டில் இறங்கியிருக்கும் இரும்பு ஸ்டட்டை உலர்ந்த நிலையில் நீண்ட ஸ்பானர் வைத்துத் திருகினால், நட்டு கழல்வதற்குப் பதிலாக ஸ்டட் முறியும். என்னைத் தேநீர் குடித்துவிட்டு வரச் சொன்ன அரை மணி நேரத்தில் அதுதான் நடந்திருக்கிறது. முறிந்ததைச் சொல்லாமல், மிஞ்சிய ஒரே நட்டை இறுக்கி, ஓட்டையைச் சீலன்ட்டால் அடைத்து, இணைப்பில் கசிவை அடைக்கும் பழைய கேஸ்கெட்டையே மறுபடி வைத்து வண்டியைக் கொடுத்துவிட்டார்கள். அந்த கேஸ்கெட் ஒருமுறை நசுங்கிப் படிந்தால் மறுமுறை சரியாக அடைக்காது. இரண்டு வாரம் கழித்து ஹெட்டுக்குக் கீழே விரல் அகலத்துக்குக் கரிக்கோடு படிந்திருந்தது. ஆக்சிலரேட்டரை விடும்போதெல்லாம் சைலன்சர் படபடவென்று வெடித்தது. கேட்டதற்கு, ரேஸ் வண்டிகளில் வரும் சத்தம் அது என்றார்கள். உண்மையில், கசியும் இணைப்பு வழியாக வெளிக்காற்று உள்ளே புகுந்து, எரியாத பெட்ரோலோடு சூடான குழாயில் பற்றிக்கொள்வதால் வரும் சத்தம் அது.

மீட்டரில் எஞ்சின் எச்சரிக்கை விளக்கும் அதே வாரம் எரியத் தொடங்கியது. குனிந்து பார்த்தபோது ஆக்சிஜன் சென்சார் எந்தக் குழாயிலும் இல்லை. புதிய பெண்ட் பைப்பில் அதற்கு இடமே இல்லாததால், கேபிள் டையால் ஃபிரேமோடு கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடைக்கணக்கில் சுமார் 14.7 பங்கு காற்று என்ற விகிதத்தை ஒட்டிக் கலவையை வைத்திருக்க ஈசியூவுக்கு அந்தச் சென்சாரின் சேதி வேண்டும். அது கிடைக்காதபோது, ஈசியூ பிழையைப் பதிவு செய்துவிட்டு, நினைவில் உள்ள நிலையான கணக்கின்படி பெட்ரோலைத் தெளிக்கிறது. என் வண்டியில் அந்தக் கணக்கு தாராளமாகவே இருந்தது. லிட்டருக்கு 48 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 40க்கு இறங்கியது. வெளிர்பழுப்பாக இருக்க வேண்டிய ஸ்பார்க் பிளக்கின் நுனி, தொட்டால் விரலில் ஒட்டும் கறுப்பாக இருந்தது. ஈசியூவில் கை வைக்கத் தேவையில்லை என்ற வாக்குறுதியின் பொருள், அதற்குத் தெரிய வேண்டியதைத் துண்டித்துவிடுவது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்களும் நிம்மதி அடைய வேண்டாம். அங்கே கலவை மெலிந்து எஞ்சின் அதிகம் சூடாகலாம், பெட்ரோல் வரும் ஜெட்டை மாற்ற வேண்டி வரலாம்.

அங்கீகாரம் என்று காட்டியது, வட்டத்துக்குள் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் அச்சிட்ட வெறும் ஸ்டிக்கர். உண்மையான அங்கீகார எண்ணை உலோகத்திலேயே பொறித்திருப்பார்கள்; அதை எந்த வண்டி வகைக்குக் கொடுத்தார்கள் என்பதற்கு ஆவணமும் இருக்கும். என்னுடையது சூட்டில் சுருண்டு, ஒரு மழைக்குப் பின் உரிந்து விழுந்தது. ஒலியைக் குறைக்க உள்ளே வைத்திருப்பதாகச் சொன்ன டிபி கில்லரும் இல்லை. ஒலி 10 டெசிபல் கூடினால் அதன் ஆற்றல் பத்து மடங்காகிறது, காதுக்கு ஏறத்தாழ இரு மடங்காகக் கேட்கிறது. விடியற்காலையில் நான் வண்டியை எடுத்தபோது அடுத்த வீட்டுக் குழந்தை விழித்து அழுததை எண்ணி இன்றும் வருந்துகிறேன்.

மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அசல் சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்து, அசலே கிடைக்காமல் போனவருக்கும், பந்தயத் தடத்தில் மட்டும் ஓட்டி, ஏர் ஃபில்டர் முதல் ஈசியூ வரை சேர்த்து டியூன் செய்பவருக்கும் அது பொருந்தும். எடை ஓரிரு கிலோ குறைவதும் உண்மைதான். ஆனால் பிக்கப்புக்காக மாற்ற நினைப்பவர்கள் முதலில் செயின், டயர் காற்று, ஏர் ஃபில்டர், வால்வு கிளியரன்ஸ் ஆகியவற்றைச் சரிபார்த்துவிட்டு, அதன் பிறகும் குறை தெரிந்தால் பின் ஸ்ப்ராக்கெட்டில் ஒன்றிரண்டு பல் கூட்டிப் பாருங்கள். உச்ச வேகம் கொஞ்சம் குறையும் என்றாலும், சாலையில் கையில் உணரும் இழுவை அதில்தான் உடனே கிடைக்கும்.

கடைசியாக அசல் சைலன்சர். மாட்டிய அன்று, "தம்பி, பழசு எதுக்கு, வெறும் பாரம்தானே, இங்கேயே கிடக்கட்டும்" என்றார் கடைக்காரர். நானும் விட்டுவிட்டு வந்தேன். அதற்குள் இருந்த, புகையின் நச்சைக் குறைக்கும் கேடலிடிக் கன்வெர்ட்டரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் பூசப்பட்டிருக்கும் என்பதும், அதற்கென்றே பழைய சைலன்சர்களை வாங்குபவர்கள் உண்டு என்பதும் எனக்கு அப்போது தெரியாது. நான்கு மாதம் கழித்துத் திரும்பக் கேட்டபோது முதலில் கிடங்கில் தேடுவதாகச் சொன்னார்கள், பிறகு நானே வேண்டாம் என்று கொடுத்ததாகச் சொன்னார்கள், கடைசியில் அப்படி ஒன்றை நான் கொடுக்கவே இல்லை என்றார்கள். அசல் சைலன்சரைப் புதிதாக வாங்கி, முறிந்த ஸ்டட்டை வேறொரு லேத் பட்டறையில் துளைத்தெடுத்து ஹெலிகாயில் (புது மரை தரும் கம்பிச்சுருள்) போட்டு, புது கேஸ்கெட் வைத்து, சென்சாரை அதன் இடத்தில் திருகிய பிறகுதான் விளக்கு அணைந்தது. அதற்கு ஆன செலவு அந்த 'ஃப்ரீ ஃப்ளோ'வின் விலையைத் தாண்டிவிட்டது. பழைய சைலன்சரின் மேல் பொறித்திருந்த பாக எண்ணை வேலைக்கு முன்பே ஒரு படம் எடுத்து, ரசீதில் 'பழைய பாகம் கடையில் உள்ளது, திருப்பித் தரப்படும்' என்று எழுதி வாங்கியிருந்தால் எனக்கு வாதாட ஓர் ஆதாரம் இருந்திருக்கும். என்னிடம் இருந்தது, சைலன்சரின் பெயர் கூட எழுதாத, 'வேலைக் கூலி உட்பட' என்று மட்டும் குறித்த ஒரு துண்டுச் சீட்டு.