ஆய்வுக் கருவியாக டிஜிட்டல் வெல்பீயிங்: மதுரைக் கள ஆய்வில் கண்டவை

ஊடகப் பயன்பாட்டை ஆராயும் முதுகலை மாணவர்களின் வினாத்தாளில் தவறாமல் இடம்பெறும் கேள்வி, 'ஒரு நாளில் எத்தனை மணி நேரம் கைபேசி பார்க்கிறீர்கள்?' என்பது. டக்ளஸ் பாரியும் உடன் ஆய்வாளர்களும் 2021-இல் 'நேச்சர் ஹியூமன் பிஹேவியர்' இதழில் வெளியிட்ட தொகுப்பாய்வின்படி, மக்கள் தாமே சொல்லும் நேரத்துக்கும் கருவியில் பதிவாகும் நேரத்துக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்பதன் அளவு; முழுமையாகச் சேர்ந்து மாறினால் 1) ஏறத்தாழ 0.38 மட்டுமே. ஆகவேதான், கைபேசிப் பயன்பாட்டைத் தானே பதிவுசெய்யும், கூகுள் 2018-இல் அறிவித்த டிஜிட்டல் வெல்பீயிங் வசதியை மதுரையிலும் உசிலம்பட்டி வட்டாரத்திலும் எங்கள் மாணவர்கள் கள ஆய்வுக்குப் பயன்படுத்துகிறார்கள்.

இதற்குக் கட்டணம் இல்லை. பல ஆண்ட்ராய்டு கைபேசிகளில் 'அமைப்புகள்' பகுதியிலேயே இருக்கிறது. எந்தச் செயலி எவ்வளவு நேரம் பயன்பட்டது, கைபேசி எத்தனை முறை திறக்கப்பட்டது, எத்தனை அறிவிப்புகள் வந்தன என்பவற்றை நாள்வாரியாகக் காட்டுகிறது. நினைவை மட்டும் நம்பிச் சொல்லப்படும் விடையைவிட இது பெரிதும் மேலானது என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் வீட்டுக்குள் போனால் சிக்கல் தொடங்குகிறது. மல்லிகை தொடுக்கும் வீட்டில் பூக்கூடையில் சாய்த்து வைத்த கைபேசியில் யூடியூப் நாடகம் ஓடிக்கொண்டிருக்க, அம்மாவின் கண்கள் நாரிலும் மொட்டிலும் இருக்கின்றன. வசனத்தைக் காது மட்டும் கேட்கிறது. இடையில் மகன் அதை வாங்கிச் சிறிது நேரம் விளையாடிவிட்டுத் திருப்பி வைக்கிறான். பதிவில் எல்லாமே அந்த ஒரு கைபேசியின் கணக்கில் சேர்ந்துவிடுகின்றன.

ஊடகப் பயன்பாட்டின் விளைவுகளை ஆராய்பவருக்கு இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. டி.என்.பி.எஸ்.சி. பாடம் கேட்ட நேரமும் நகைச்சுவைத் துணுக்குகள் பார்த்த நேரமும் 'யூடியூப்' என்ற ஒரே வரியில் அடங்கிவிடும். டிஜிட்டல் தொழில்நுட்பப் பயன்பாடு பதின்வயதினரின் நல்வாழ்வில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் அதிகபட்சம் 0.4 சதவீதத்தையே விளக்குகிறது என்று ஆய்வாளர்கள் ஏமி ஆர்பெனும் ஆண்ட்ரூ பிரிசிபில்ஸ்கியும் 2019-இல் எழுதினார்கள். விளைவு அவ்வளவு சிறியதாக இருக்கையில், என்ன பார்த்தார்கள் என்பதைப் பிரிக்காத நேரக் கணக்கை வைத்து அதைத் தேடுவது வீண் முயற்சி.

எனவே இக்கருவியைப் பரிந்துரைக்கிறேன். யார், என்ன, எந்த வேலையோடு பார்த்தார் என்பதைக் குறிக்கும் ஒரு பக்க நாட்குறிப்பும் உடன் இருக்க வேண்டும். கடன் செயலி, வரன் தேடும் செயலி என வீட்டின் அந்தரங்கமும் அந்தப் பட்டியலில் தெரியும் என்பதால், ஸ்கிரீன்ஷாட் கேட்காமல், கைபேசிக்கு உரியவரே தேவையான வரிகளைப் படித்துச் சொல்ல, மாணவர் எழுதிக்கொள்வதே முறை.