மேசையில் நாலு ரிமோட்: எதை வைத்து ஒன்றாக்குவது?

டிவிக்கு ஒன்று, செட்டாப் பாக்ஸுக்கு ஒன்று, ஓடிடி பார்க்க டிவியில் செருகும் ஃபயர் டிவி ஸ்டிக்குக்கு ஒன்று, சவுண்ட்பாருக்கோ பழைய ஹோம் தியேட்டருக்கோ ஒன்று என்று நாலு ரிமோட் கிடப்பது இன்று சாதாரணம். இளையவர்கள் வீட்டில் இருக்கும்வரை அதனால் பெரிய தொல்லை இல்லை. பிள்ளைகள் வெளியூர் போய், அம்மாவும் அப்பாவும் மட்டும் இருக்கிற வீட்டில்தான் கஷ்டம் தெரியும். ஏதோ ஒரு பட்டன் அழுந்தி, டிவி வேறு எச்டிஎம்ஐக்குத் தாவி, ‘நோ சிக்னல்’ என்று நிற்கும். பார்க்க உட்கார்ந்த சீரியல் போய்விடும். அப்புறம் மகளுக்குப் போன் போகும்.

அந்த வீட்டை மனதில் வைத்துத்தான் இங்கே ஒப்பிடுகிறேன். அமைத்துக் கொடுப்பவருக்கு எது வசதி என்பது இரண்டாம் பட்சம். அவர் ஊரில் இல்லாதபோதும் அது வேலை செய்ய வேண்டும். அதனால் ஒவ்வொரு வழியிடமும் மூன்று கேள்வி: கரன்ட் போய் வந்தால் என்ன ஆகும்? கண்ணாடி போடாமல், விரலால் தடவியே பட்டனைக் கண்டுபிடிக்க முடியுமா? இணையம் இல்லாவிட்டாலும் ஓடுமா?

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை

செல்போனின் முன்பக்கக் கேமராவைத் திறந்து, ரிமோட்டின் முனையை அதற்கு நேராகப் பிடித்து ஒவ்வொரு பட்டனாக அழுத்துங்கள். திரையில் ஊதாவாகவோ வெள்ளையாகவோ ஒரு புள்ளி மின்னினால், அந்தப் பட்டன் அகச்சிவப்பு ஒளியில், அதாவது ஐஆரில் வேலை செய்கிறது. பின்பக்கக் கேமராக்களில் பெரும்பாலும் அந்த ஒளியைத் தடுக்கும் வடிகட்டி இருப்பதால் முன்பக்கம்தான் நல்லது. பேட்டரி சரியாக இருந்தும் மின்னவில்லை என்றால், அந்தப் பட்டன் அநேகமாக புளூடூத்தில் போகிறது. புது ஸ்மார்ட் டிவி ரிமோட்டுகள் பலவற்றில் பவர் பட்டன் மட்டும் மின்னும், மற்றவை மின்னாது.

இந்தச் சோதனையைச் செய்யாமல் கடைக்குப் போனால் காசு வீணாக வாய்ப்பு அதிகம். ஏனென்றால், கடைகளில் விற்கும் யுனிவர்சல் ரிமோட்டுகளில் பெரும்பாலானவை ஐஆர் மட்டுமே அனுப்பும். ஃபயர் டிவி ஸ்டிக்கில் ஐஆரை வாங்கும் கண்ணே கிடையாது. அதன் ரிமோட் ஸ்டிக்கோடு புளூடூத்தில் பேசுகிறது. டிவியின் பவருக்கும் வால்யூமுக்கும் மட்டும் ஐஆர் அனுப்புகிறது. எவ்வளவு நல்ல ஐஆர் ரிமோட்டாக இருந்தாலும் நேரடியாக ஸ்டிக்கை அசைக்க முடியாது. நேரடியாக என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. சுற்று வழி ஒன்று இருக்கிறது.

செலவில்லாத வழிகள் இரண்டு

அந்தச் சுற்று வழி எச்டிஎம்ஐ கேபிளுக்குள்ளேயே இருக்கிறது. எச்டிஎம்ஐ முனையில் இருக்கும் 19 ஊசிகளில் 13-ஆவது சிஇசி என்ற வேலைக்கு ஒதுக்கப்பட்டது. சாதனங்கள் ஒன்றுக்கொன்று ‘விழித்துக்கொள்’, ‘தூங்கு’, ‘ஒலியைக் கூட்டு’ என்று சொல்லிக்கொள்வது இந்தக் கம்பியில்தான். ஒவ்வொரு நிறுவனமும் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது. சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்ளிங்க், சோனியில் பிராவியா சிங்க், பிலிப்ஸில் ஈசிலிங்க். டிவி அமைப்பில் அந்தப் பெயரைத் தேடி ஆன் செய்தால் போதும். சவுண்ட்பாரை டிவியில் ஏஆர்சி என்று எழுதியிருக்கும் துளையில் மாட்ட வேண்டும். வேறு எச்டிஎம்ஐ துளையில் மாட்டினால் டிவியின் ஒலி அதற்குப் போகாது. ஆப்டிகல் கேபிளில் மாட்டியிருக்கும் வீடுகளில் டிவி ரிமோட்டால் சவுண்ட்பார் வால்யூமை மாற்ற முடியவில்லை என்ற புகார் வருவதும் இதனால்தான். ஆப்டிகல் ஒலியைக் கொண்டுபோகும், சிஇசியைக் கொண்டுபோகாது. பலருக்குப் புது ரிமோட்டே தேவையில்லை, கேபிளை மாற்றினாலே போதும்.

சிஇசி ஆன் ஆனதும், பல டிவிகளில் டிவி ரிமோட்டின் அம்புக்குறிகளாலேயே ஃபயர் ஸ்டிக்கின் மெனுவில் நகரலாம். ஐஆர் ரிமோட் டிவியிடம் சொல்கிறது, டிவி அதைக் கம்பி வழியாக ஸ்டிக்கிடம் சொல்கிறது. ஸ்டிக்கின் ரிமோட் தொலைந்துபோன நாளில் இது பெரிய உதவி.

மூன்று கேள்விகளில் சிஇசி எப்படி? கரன்ட் போய் வந்தாலும் பெரும்பாலும் தானே ஒழுங்குக்கு வந்துவிடும். இணையம் தேவையில்லை. ரிமோட் ஏற்கெனவே பழகியது. குறை என்னவென்றால், சில சமயம் கேட்காமலே வேலை செய்யும். ஸ்டிக் எதற்கோ விழித்தால் டிவியையும் தன் பக்கம் இழுத்துவிடும். அப்படி நடந்தால் ஸ்டிக்கின் அமைப்பில் டிவியைத் தானே எழுப்பும் வசதி இருக்கிறதா என்று பார்த்து அதை மட்டும் அணைக்கலாம். இன்னொன்று, செட்டாப் பாக்ஸ்கள் பலவும் இந்தக் கூட்டத்தில் சேர்வதில்லை. மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏவி வயரில் மாட்டிய பெட்டிக்கு இதில் இடமே இல்லை.

அந்த இடத்தை நிரப்புவது செட்டாப் பாக்ஸ் ரிமோட்டே. கேபிள், டிடிஎச் ரிமோட்டுகள் பலவற்றில் மேலேயோ கீழேயோ தனிக் கட்டமாக நாலைந்து பட்டன் இருக்கும்: டிவி பவர், ஏவி (எந்தத் துளையிலிருந்து படம் வர வேண்டும் என்று மாற்றுவது, சில ரிமோட்டில் சோர்ஸ்), வால்யூம் கூட்ட, குறைக்க, பக்கத்தில் செட் என்று ஒன்று. வாங்கிய நாளிலிருந்து தொடப்படாமலே கிடக்கும் இவை, கற்றுக்கொள்ளும் பட்டன்கள். மாடலுக்கு மாடல் சிறு வித்தியாசம் உண்டு, பொதுவான முறை இதுதான். செட் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் சிவப்பு விளக்கு நிலையாக எரியும். கற்பிக்க வேண்டிய பட்டனை ஒரு முறை தட்டுங்கள். விளக்கு மின்னத் தொடங்கும். டிவி ரிமோட்டை அதன் முகத்துக்கு எதிரே, இரண்டு மூன்று விரல் இடைவெளியில் வைத்து, அதே வேலைக்கான பட்டனை அழுத்துங்கள். விளக்கு பதில் சொல்லும். எல்லாம் முடிந்ததும் மறுபடி செட்.

சரியாக ஏறவில்லை என்றால் முதலில் இடத்தைப் பாருங்கள். வெயில் விழும் ஜன்னலோரமும் விளக்கின் நேர் கீழும் வேண்டாம். வெயிலிலும் ஐஆர் இருக்கிறது, அது குழப்பும். ரிமோட்டுகளைக் கையில் பிடிக்காமல் மேசையில் படுக்க வைத்தால் ஆடாது. டிவி ரிமோட்டின் பேட்டரி பலவீனமாக இருந்தால் புதிதாகப் போட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

ஒரு விசித்திரமான கோளாறும் உண்டு. கற்ற பட்டன் முதல் அழுத்தலுக்கு வேலை செய்யும், இரண்டாவதுக்குச் செய்யாது. பிலிப்ஸ் உருவாக்கிய ஆர்சி5 போன்ற முறைகளில் ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் குறியீட்டில் ஒரு பிட், அதாவது 0 அல்லது 1 என்ற ஒரு இலக்கம், மாறி மாறி வரும். ‘இது புது அழுத்தல், விரலை எடுக்காமல் பிடித்திருப்பது அல்ல’ என்று டிவி தெரிந்துகொள்வது அதை வைத்துத்தான். சாதாரணக் கற்கும் ரிமோட் ஒரே பிரதியைத் திரும்பத் திரும்ப அனுப்புவதால், விரலை எடுக்கவே இல்லை என்று டிவி நினைத்துவிடுகிறது. இதற்குக் கற்பித்தலில் தீர்வு இல்லை. குறியீடு முன்பே பதிந்த ரிமோட்தான் வேண்டும்.

என் கணக்கில், கேபிள் மட்டுமே பார்க்கும் வீட்டுக்கு இந்த நாலைந்து பட்டனை மிஞ்ச எதுவும் இல்லை. காசு இல்லை, கரன்ட் போனாலும் மறக்காது, விரலுக்குப் பழகிய ரிமோட். ஏவி பட்டனை மறக்காமல் கற்பியுங்கள். ‘நோ சிக்னல்’ வந்தால் திரும்பி வர அதுதான் வழி. ஆனால் சில டிவிகளில் அது துளைகளின் பட்டியலை மட்டும் திறந்து, ஓகேவுக்குக் காத்திருக்கும். அந்த ஓகேவை அனுப்ப இந்தக் கட்டத்தில் இடம் இருக்காது. அங்கேதான் இந்த வழி தோற்கிறது.

ஓடிடி மட்டுமே பார்க்கும் வீடென்றால் கதை தலைகீழ். ஃபயர் ஸ்டிக்கின் அமைப்பில் சாதனக் கட்டுப்பாடு என்ற பகுதிக்குப் போய் டிவியின் நிறுவனத்தைத் தேர்ந்தால் அந்தச் சின்ன ரிமோட்டே டிவியை ஆன் செய்யும், வால்யூமும் மாற்றும். சவுண்ட்பாரையும் அங்கேயே சேர்க்கலாம்.

கடை ரிமோட்: நகல், குறியீடு, கற்பது

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ உங்கள் ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடையிலோ ‘யுனிவர்சல்’ என்று கேட்டால் மூன்று வெவ்வேறு பொருளில் ஒன்று கைக்கு வரும்.

முதலாவது நகல். டிவி மாடலைச் சொன்னால் அதற்கே ஆன ரிமோட்டைத் தருவார்கள். அமைக்க ஒன்றுமில்லை. தொலைந்ததற்குப் பதிலாக நல்லது, நாலை ஒன்றாக்காது.

இரண்டாவது, பல நிறுவனங்களின் குறியீடுகள் உள்ளேயே பதிந்தது. எண் பட்டியலைப் பார்த்துப் போடலாம், அல்லது தானே தேடவிடலாம். தேடும்போது ஒவ்வொரு குறியீடாக அனுப்பிக்கொண்டே போகும். டிவி அணைந்ததும் விரலை எடுக்க வேண்டும். இங்கே பலர் அவசரப்படுகிறார்கள். ஒரே நிறுவனத்தின் பல குறியீட்டுத் தொகுப்புகளில் பவர் மட்டும் ஒத்துப்போய், மெனுவும் சோர்ஸும் ஒத்துப்போகாமல் இருக்கும். டிவி அணைந்துவிட்டதே என்று அங்கேயே நிறுத்தினால் பாதி ரிமோட்தான் கிடைக்கும். வால்யூம், மெனு, சோர்ஸ், ஓகே நாலையும் சோதித்துப் பார்த்து, ஒன்று தப்பினாலும் தேடலைத் தொடருங்கள். மலிவான சிலவற்றில் பேட்டரி மாற்றும்போது குறியீடு அழிந்துவிடும். தனியாக இருக்கும் பெற்றோருக்கு அப்படி ஒன்றைக் கொடுக்கவே கூடாது. வாங்கும்போதே கடையில் பேட்டரியைக் கழற்றி, சற்றுப் பொறுத்து மறுபடி போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, எல்லாப் பட்டனும் கற்கும் வகை. காசு கொடுத்து வாங்குவதென்றால் நான் இதையே சொல்வேன். எந்தப் பட்டியலிலும் இல்லாத பழைய ஹோம் தியேட்டரும் இதற்குள் வரும். வேண்டாத பட்டனைக் கற்பிக்காமலே விடலாம். தவறாக அழுந்தினாலும் ஒன்றும் ஆகாது. நிபந்தனை ஒன்று: மூல ரிமோட் உயிரோடு இருக்க வேண்டும். அது தொலைந்திருந்தால் குறியீட்டு வகைதான் கதி.

ஏசியையும் இதிலேயே சேர்க்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். டிவி ரிமோட் ‘வால்யூம் கூட்டு’ என்று சின்னச் செய்தி அனுப்புகிறது. ஏசி ரிமோட்டோ ஒவ்வொரு அழுத்தலிலும் வெப்பநிலை, மோடு, ஃபேன் வேகம் என்று முழு நிலையையும் நீளமாக அனுப்பும். 24-இல் வைத்துக் கற்பித்த பட்டன் 24-ஐ மட்டுமே தெரிந்துகொள்ளும்.

செல்போன், வைஃபை பெட்டி

ஷாவ்மி, ரெட்மி, போகோ போன்கள் பலவற்றின் தலையில் ஐஆர் விளக்கு இருக்கிறது. சாம்சங் தன் எஸ் வரிசையில் 2015-இல் வந்த கேலக்சி எஸ்6-க்குப் பிறகு அதை விட்டுவிட்டது. செயலியில் நிறுவனத்தைத் தேர்ந்தால் நிமிடத்தில் தயார். அவசரத்துக்கு அருமை. ஆனால் போன் என்பது ஒருவர் சட்டைப்பையில் வெளியே போகிற பொருள். அப்பா கடைக்குப் போனால் அம்மாவுக்கு ரிமோட் இல்லை. கண்ணாடித் திரையில் தடவிக் கண்டுபிடிக்கவும் ஏதுமில்லை. நிரந்தர ரிமோட்டாக இது என் இரண்டாவது கேள்வியிலேயே விழுகிறது.

பிராட்லிங்க் ஆர்எம்4 மினி போன்ற வைஃபை பெட்டிகள் போனிலிருந்து கட்டளை வாங்கி அறை முழுக்க ஐஆராக வீசும். இவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே சேரும். ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸுக்கும் அதே பெயர் இருந்தால் அமைக்கும்போது தடுமாறும். இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வையுங்கள். இணையம் நின்றால் வெளியிலிருந்து வரும் கட்டளையும் நிற்கும். அதனால் ஒரே ரிமோட்டாக இதை வைக்கக் கூடாது. ஆனால் வேறு எதிலும் இல்லாத ஒரு பலம் இதில் உண்டு. பெங்களூரில் இருக்கும் மகள் வீடியோ காலில் அம்மாவின் டிவியைப் பார்த்துக்கொண்டே, தன் போனிலிருந்து சோர்ஸை மாற்றிக் கொடுக்கலாம். வீடியோ கால் எதற்கு என்றால், ஐஆர் ஒருவழிப் பாதை. டிவி இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று பெட்டிக்குத் தெரியவே தெரியாது.

ஒரே பட்டனில் எல்லாம்

‘டிவி பார்’ என்று ஒரு பட்டன் அழுத்தினால் எல்லாம் வரிசையாக ஆன் ஆக வேண்டும் என்பது பழைய ஆசை. ஆப்பிளைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக் 1987-இல் கோர் என்ற ரிமோட்டைக் கொண்டுவந்தது இதே ஆசையில்தான். பின்னாளில் லாஜிடெக்கின் ஹார்மனி இதை நன்றாகச் செய்தது. 2021-இல் அந்த வரிசையின் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். இப்போது அந்த இடத்தில் சோஃபாபேட்டன் இருக்கிறது. புளூடூத்தும் தெரிந்த ரிமோட் என்பதால் ஃபயர் ஸ்டிக்கையும் இயக்கும்.

நம்மூரில் இதற்குத் தடை கரன்ட்தான். பெரும்பாலான சாதனங்களில் ஆனுக்கும் ஆஃபுக்கும் ஒரே குறியீடு. கரன்ட் போய் வந்ததும் செட்டாப் பாக்ஸ் தானே ஆன் ஆகி நிற்கும், டிவி தூங்கிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் அந்த ஒற்றைப் பட்டனை அழுத்தினால் டிவி எழும், பாக்ஸ் அணையும். தனித்தனி ஆன், ஆஃப் குறியீடு உள்ள சாதனங்களாக இருந்தால் இந்தச் சிக்கல் வராது. இல்லாத வீட்டில் இந்த விலை கொடுப்பது வீண். செட்டாப் பாக்ஸை அணைக்காமலே விட்டுவிட்டு டிவியை மட்டும் ஆன், ஆஃப் செய்வது அதைவிட நிம்மதி. மின்சாரம் கொஞ்சம் கூடும், ஆனால் போன் அழைப்பு குறையும்.

எந்த வழிக்குப் போனாலும் பழைய ரிமோட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். புது ரிமோட் கீழே விழுந்து உடைந்தால் அடுத்ததற்குக் கற்பிக்க அவைதான் வேண்டும். பேட்டரியைக் கழற்றிவிட்டு வையுங்கள். உள்ளேயே இருந்தால் ஒழுகி ஸ்பிரிங்கை அரித்துவிடும். எது எதற்கு உரியது என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டி, பீரோவில் எந்தத் தட்டு என்பதை அம்மாவிடமும் சொல்லிவிடுங்கள்.