நிஸ்டாட்டின் வாய்க்கரைசல்: பயன்படுத்திப் பார்த்த அனுபவம்

ஆஸ்துமாவுக்காக ஸ்டீராய்டு இன்ஹேலர் பயன்படுத்தும் என் அம்மாவின் நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் திரிந்த பால் ஒட்டியதுபோல் வெள்ளைத் திட்டுகள் படர்ந்திருந்தன. ஈரத்துணியால் மெல்லத் துடைத்தபோது அவை உரிந்து, அடியில் செக்கச் சிவந்த, லேசாக ரத்தம் கசியும் பரப்பு தெரிந்தது. கேண்டிடா என்னும் பூஞ்சையால் வந்த தொற்று இது என்று சொன்ன மருத்துவர், நிஸ்டாட்டின் கரைசலை எழுதிக்கொடுத்தார்.

1950-இல் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்னும் இரு பெண் அறிவியலாளர்கள் கண்டறிந்த இம்மருந்து, குடல் வழியாக ரத்தத்தில் கலப்பது மிக மிகக் குறைவு; ஏற்கெனவே பல மாத்திரைகள் விழுங்கும் முதியவருக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் பூஞ்சையின்மேல் நேரடியாகப் பட்டால்தான் வேலை செய்யும் என்பதால், புட்டியை நன்றாகக் குலுக்கி, நாளுக்கு 4 முறை வாயெங்கும் சுழற்றி, இயன்றவரை அடக்கி வைத்த பிறகே விழுங்க வேண்டும். முதல் இரண்டு நாள் அம்மா உடனே விழுங்கிவிட்டார். திட்டுகள் அப்படியே இருந்தன. முறையாக அடக்கி வைக்கத் தொடங்கிய பின்னரே எரிச்சல் தணிந்து, சாப்பாட்டின் சுவை திரும்பியது.

குறை என்றால், பல தயாரிப்புகளில் சர்க்கரை சேர்ந்திருப்பதுதான். பல் சொத்தை உள்ளவர்கள் கவனிக்க வேண்டும். திட்டுகள் மறைந்த பின்னும் குறைந்தது 48 மணி நேரம் மருந்தைத் தொடர வேண்டும் என்பதைப் புட்டியின் மேலேயே பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கலாம். இப்போது ஒவ்வொரு முறை இன்ஹேலர் எடுத்த பிறகும் அம்மா வாயை நீரால் கொப்பளித்துத் துப்புகிறார். திட்டுகள் மீண்டும் வரவில்லை.