அமராவதிநகர் சைனிக் பள்ளி: ஒரு அப்பாவின் மதிப்புரை

பையனை ஆறாம் வகுப்பில் இங்கே சேர்த்தோம். உடுமலைப்பேட்டைப் பக்கம், அமராவதி அணைக்கு அருகில், 1962இல் தொடங்கிய விடுதிப் பள்ளி. சிபிஎஸ்இ பாடத்திட்டம், முப்படை அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் தேசியப் பாதுகாப்பு அகாடமியான என்டிஏவுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்வதுதான் முதல் நோக்கம். படிப்பே லேசில்லை. அதோடு காலையில் உடற்பயிற்சி, சாயங்காலம் விளையாட்டு, என்சிசி, ஹவுஸ் எனப்படும் மாணவர் அணிகளுக்கு இடையிலான போட்டிகள். "இதுக்கு நடுவுல எப்பங்க படிப்பான்?" என்று என் மனைவி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

படிப்பதற்கென்றே பிரெப் நேரம் இருக்கிறது. எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்துவிடுகிறார்கள். லீவுக்கு வந்தவனின் கணக்கு நோட்டில் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். கால்பந்து மேட்ச் உள்ள தேதிகளைப் பென்சிலால் வட்டமிட்டு, அன்றைய வேலையை முந்தின நாளிலேயே எழுதிவைத்திருந்தான். சீனியர் அண்ணனைப் பார்த்துக் கற்றுக்கொண்டானாம். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

முன்பு நாங்கள் விசாரித்த வேறொரு விடுதிப் பள்ளியில், பத்தாம் வகுப்புக்கு விளையாட்டு நேரமே கிடையாது என்று பெருமையாகச் சொன்னார்கள். அப்படியே திரும்பி வந்துவிட்டோம்.

பேச்சுப்போட்டி, குத்துச்சண்டை, பேண்ட் வாத்தியம் என எல்லாவற்றுக்கும் பெயர் கொடுக்கத் துடிக்கிற பிள்ளையா? இரண்டோடு நிறுத்தச் சொல்லுங்கள். தூக்கம் குறைந்தால் முதலில் அடிவாங்குவது கணக்குதான்.

சைனிக் பள்ளிகளில் 2021 முதல் பெண்பிள்ளைகளையும் சேர்க்கிறார்கள். ஐந்தாவது படிக்கும் மகளும் நுழைவுத்தேர்வுக்குத் தயாராகிறாள்.