டிரான்ஸ்மிஷன்: வேகக் கட்டுப்பாடு அருமை, செட்டிங்ஸ் ஃபைல் கொடுமை

நண்பர் ஒருவர் கேட்டார்: “டிரான்ஸ்மிஷன் டீமனில் அப்லோடு வரம்பை மாற்றிவிட்டு ரீஸ்டார்ட் செய்தேன். திறந்து பார்த்தால் பழைய எண்ணே நிற்கிறது. எங்கே தப்பு?” டிரான்ஸ்மிஷன் ஒரு டொரென்ட் மென்பொருள்; டீமன் என்பது திரையில்லாமல் பின்னணியில் ஓடும் அதன் வடிவம். தப்பு அவர் மேல் இல்லை.

டீமன் தொடங்கும்போது செட்டிங்ஸ் ஃபைலைப் படித்து மெமரியில் வைத்துக்கொள்ளும். நிற்கும்போது மெமரியில் இருப்பதை அதே ஃபைலின் மேல் எழுதிவிடும். அது ஓடிக்கொண்டிருக்கையில் ஃபைலைத் திருத்தி ரீஸ்டார்ட் கொடுத்தால், முதலில் நடப்பது நிறுத்தம்; அந்த நொடியிலேயே உங்கள் திருத்தம் போய்விடும். திருத்து, சேமி, ரீஸ்டார்ட் செய் என்பதுதான் லினக்ஸில் மற்ற சர்வீஸ்கள் பழக்கிய ஒழுங்கு. அந்தப் பழக்கத்தையே இது பொறியாக்கி வைத்திருக்கிறது. இத்தனை பதிப்புகளுக்குப் பிறகும், 2023இல் நான்காம் பதிப்பு வந்த பிறகும் இது மாறவில்லை என்பதுதான் எரிச்சல்.

சரியான வரிசை: முதலில் டீமனை நிறுத்துங்கள், பிறகு திருத்துங்கள், பிறகு தொடங்குங்கள். நிறுத்த மனமில்லை என்றால், திருத்திவிட்டு ரீஸ்டார்ட்டுக்குப் பதில் ரீலோட் கொடுங்கள். ஹெச்யூபி சிக்னல் போய், டீமன் ஃபைலை மறுபடி படிக்கும். வேகத்தை மட்டும் மாற்ற ஃபைலையே தொட வேண்டாம். வெப் பக்கத்திலோ (போர்ட் 9091) ரிமோட் கட்டளையிலோ மாற்றினால் உடனே அமலாகும், ஃபைலிலும் தானாகப் பதியும். ஆனால் உமாஸ்க் (புதிய ஃபைல்களில் யாருக்கு எந்த அனுமதி இல்லை என்று சொல்லும் எண்), எந்த ஐபிக்கு அனுமதி போன்றவற்றுக்கு அந்த வழி இல்லை. அவற்றுக்கு ஃபைல்தான் கதி. அதிலும் மூன்றாம் பதிப்புவரை உமாஸ்க் 18 என்று இருக்கும். இந்த ஃபைல் எழுதப்படும் ஜேசன் வடிவத்தில் ஆக்டல் (எட்டை அடியாகக் கொண்ட எண்முறை) கிடையாது என்பதால் 022ஐத் தசமத்தில் எழுதியிருக்கிறார்கள். அங்கே 002 வேண்டுமென்றால் வெறும் 2 போடுங்கள்.

வேகக் கட்டுப்பாட்டைப் பொறுத்தவரை குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்லோடு முழுக்க நிரம்பினால் டவுன்லோடும் படுத்துவிடும். டவுன்லோடுக்கான ஒப்புகைப் பாக்கெட்டுகள் மோடத்தின் வரிசையில் பின்னால் மாட்டிக்கொள்வதே காரணம். எனவே அப்லோடில் 80 சதவீதத்துக்கு மேல் விடாதீர்கள். இணைப்பு மெகாபிட்டில், டிரான்ஸ்மிஷன் கிலோபைட்டில்: 10 மெகாபிட் என்றால் 1250 கிலோபைட், அதில் 80 சதவீதம் 1000. எண்ணைப் போட்டால் மட்டும் போதாது, பக்கத்திலுள்ள ‘எனேபிள்ட்’ வரியும் ட்ரூ ஆக வேண்டும். மைக்ரோ-டிபியை (டொரென்ட் தரவை அனுப்பும் ஒரு நெறிமுறை) அணைக்காதீர்கள். தாமதம் கூடுவதைக் கண்டால் அது தானே பின்வாங்கி மற்ற போக்குவரத்துக்கு வழிவிடும்.

ஆமை முறை, அதாவது தேவைப்படும்போதோ குறித்த நேரத்திலோ அமலாகும் மாற்று வேக வரம்பு, இன்னும் அழகு. அதன் நேரம் நள்ளிரவிலிருந்து நிமிடக் கணக்கில்: 540 என்றால் காலை 9 மணி, 1020 என்றால் மாலை 5. நாட்களுக்கு 127 என்றால் வாரம் முழுதும், 62 என்றால் திங்கள் முதல் வெள்ளிவரை. ஆமை விழித்திருக்கும்போது சாதாரண வரம்பு செல்லாது, ஆமையின் வரம்பே செல்லும். ‘1000 கொடுத்தும் 50க்கு மேல் ஏறவில்லை’ என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

லாகில் ரிசீவ் பஃபர் (வரும் தரவைத் தற்காலிகமாக வைக்கும் இடம்) போதவில்லை என்ற வரி வந்தால், அதன் உச்ச அளவைக் குறிக்கும் கெர்னலின் ஆர்மெம்-மேக்ஸ் (net.core.rmem_max) மதிப்பை 4194304 ஆக்குங்கள்.

லினக்ஸ் டிஸ்ட்ரோக்களின் ஐஎஸ்ஓ ஃபைல்களை நாள் முழுக்கச் சீட் செய்யும் (மற்றவர்களுக்குப் பகிரும்), திரையில்லாத பெட்டிக்கு இதைவிட எளிதாக நான் வேறொன்றையும் பரிந்துரைக்க மாட்டேன். ஆனாலும் நண்பருக்குச் சொன்னது: மேசைக் கணினிதானே, க்யூபிட்டொரென்ட் என்ற இன்னொரு டொரென்ட் மென்பொருளைப் போடுங்கள். மாற்று வேகமும் அட்டவணையும் அதிலும் உண்டு, எல்லாம் திரையிலேயே இருக்கிறது. திருத்தியதைச் சொல்லாமல் அழிக்கும் ஒரு ஃபைலை இன்னொருவர் தலையில் கட்ட எனக்கு இன்று மனமில்லை.