பிள்ளை வளர்ப்போடு ஒத்துப்போகும் வேலை எது?: திருப்பூரை முன்வைத்து ஓர் ஒப்பீடு

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை பெரும்பாலும் காலை எட்டரை மணிக்குத் தொடங்குகிறது. ஒரு ஷிப்ட் என்றால் மாலை ஐந்தரை வரை. ஒன்றரை ஷிப்ட் என்றால் இரவு எட்டரை வரை. தொடக்கப் பள்ளியோ ஒன்பது, ஒன்பதரைக்கு மணியடித்து, நான்கு மணி வாக்கில் பிள்ளைகளை அனுப்பிவிடுகிறது. காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒன்றரை முதல் நான்கரை மணி நேரம் வரை பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்கு, சொந்த ஊரில் இருந்தால் பாட்டியோ சித்தியோ விடையாக இருப்பார்கள். மதுரையிலிருந்தும் தேனியிலிருந்தும் பிழைப்புக்கு வந்து லைன் வீட்டில் குடியிருக்கும் குடும்பத்தில் அந்த உதவி இல்லை. அதனால்தான் இங்கே பல பெண்கள், குழந்தை பிறந்ததும் "வீட்டிலிருந்தே ஏதாவது வேலை கிடைக்குமா?" என்று கேட்கத் தொடங்குகிறார்கள்.

அந்தக் கேள்வியே பாதி வழியில் நம்மைத் தடம் மாற்றிவிடுகிறது என்பது என் எண்ணம். வேலை எந்த இடத்தில் நடக்கிறது என்பதைவிட, அதன் நேரத்தைத் தீர்மானிப்பவர் யார், குழந்தை அழைத்தால் பாதியில் எழுந்து போக முடியுமா, குழந்தைக்குக் காய்ச்சல் வந்த நாளில் அன்றைய கூலி மட்டும் போகுமா அல்லது வேலையே போய்விடுமா என்று கேட்டுப் பார்த்தால், வீட்டு வேலைகளிலும் சில நம்மை நெருக்குவது தெரியும்; வெளி வேலைகளிலும் சில நமக்கு ஒத்துவருவது தெரியும்.

வீட்டு வேலைகளில் முதலில் கைக்குக் கிடைப்பது பிசிறு வெட்டுதல். தைத்து முடித்த துணியில் தொங்கும் நூல்களைக் கத்தரிக்கும் இந்த வேலைக்கு முதலீடோ பயிற்சியோ தேவையில்லை. ஏஜெண்ட் மூட்டையைக் காலையில் இறக்கிவிட்டுப் போவார், கூலி உருப்படிக் கணக்கில் வரும். என் மூத்தவளுக்கு இரண்டு வயதானபோது நானும் இதைத்தான் எடுத்துச் செய்தேன். பாதியில் எழுந்து போகலாம் என்பது உண்மைதான். ஆனால் மறுநாள் காலை மூட்டை தயாராக இருக்க வேண்டும் என்ற கெடு ஏஜெண்டின் கையில் இருந்ததால், பகலில் குழந்தைக்காக எழுந்து போன நேரத்தையெல்லாம் இரவில் ஈடுகட்ட வேண்டியிருந்தது. ஒற்றை அறையில் துணித்தூசி குழந்தையின் பாய் வரை பறந்தது. கத்தரிக்கோலை எட்டாத உயரத்தில் வைப்பதும் எடுப்பதுமாகவே நாள் போனது. எங்கள் காம்பவுண்டில், ஏற்றுமதிச் சரக்கை அனுப்ப வேண்டிய கப்பல் தேதி நெருங்கும் நாட்களில், பள்ளி விட்டு வரும் பிள்ளைகளும் மூட்டையைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். பிள்ளைக்காகத் தேர்ந்தெடுத்த வேலை பிள்ளையின் படிப்பு நேரத்தையே எடுத்துக்கொள்வதைப் பார்த்த பிறகு இந்த வழியை என்னால் பரிந்துரைக்க முடியவில்லை.

இதற்குக் கூலி குறைவு என்பதைவிடப் பெரிய குறை, வேலை செய்பவரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லாமல் இருப்பது. வீட்டிலிருந்து செய்யும் கூலி வேலைக்குச் சட்டப் பாதுகாப்பு தரவே முடியாது என்று யாரும் சொல்ல இயலாது. ஏனென்றால் 2025 வரை நடப்பில் இருந்த 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றுபவரையும் தொழிலாளி என்றே ஏற்றுக்கொண்டது. திருநெல்வேலிப் பக்கத்துப் பீடித் தொழிலாளர் பலரிடம் அடையாள அட்டையும் வருங்கால வைப்பு நிதிக் கணக்கும் இருக்கின்றன. புகையிலைத் தூளைக் குழந்தை இருக்கும் வீட்டுக்குள் வைத்துக்கொள்வதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். ஆனால் அந்தப் பெண்களுக்கு உள்ள உரிமை, பிசிறு வெட்டும் பெண்ணுக்கு ஏன் இல்லை என்ற கேள்வி நியாயமானது. வீட்டு உழைப்பாளர்களுக்காகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996இல் கொண்டுவந்த 177ஆம் உடன்படிக்கையை இந்தியா இன்னும் ஏற்று உறுதிசெய்யவில்லை.

சொந்தத் தையல் இயந்திரத்தை வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்தாருக்குத் தைப்பதும் வீட்டு வேலைதான். ஆனால் அதன் தன்மையே வேறு. ரவிக்கை தைப்பது, சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பது, பள்ளிச் சீருடையை அளவு மாற்றிக் கொடுப்பது போன்றவற்றில், தீபாவளி, பொங்கல், முகூர்த்த மாதங்களைத் தவிர மற்ற நாட்களில் நேரம் நம் கையில்தான் இருக்கிறது. "குழந்தைக்கு உடம்பு சரியில்லை அக்கா, நாளை மறுநாள் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொன்னால், அக்கம்பக்கத்தார் பெரும்பாலும் பொறுத்துக்கொள்கிறார்கள். இங்கே பலர் எதிர்பாராத தடை ஒன்று உண்டு. கம்பெனியில் பத்து ஆண்டுகள் ஓவர்லாக் (துணியின் ஓரத்தைப் பிரியாமல் தைக்கும் இயந்திரம்) ஓட்டிய கை, ஒரே தையலைத்தான் பழகியிருக்கும். அளவெடுத்து, துணி வெட்டி, ஒரு ரவிக்கையை முழுமையாகத் தைக்கத் தனியாகக் கற்க வேண்டும், அதற்குச் சில மாதங்கள் பிடிக்கும். ஆகவே, வேலையை விட்ட பிறகு கற்கலாம் என்று இருக்காமல், கர்ப்பகாலத்திலேயே வெட்டும் வேலையைக் கற்றுக்கொள்வது நல்லது. வறுமையில் உள்ள, தையல் தெரிந்த பெண்களுக்கு சத்தியவாணி முத்து அம்மையார் பெயரிலான இலவசத் தையல் இயந்திரத் திட்டம் இருக்கிறது. தையல் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்துகொண்டால், பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகையும் 60 வயதுக்குப் பின் ஓய்வூதியமும் கோரலாம். முதல் ஆண்டு வருமானத்தை மட்டும் நம்பி வாடகை கொடுக்க முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கம்பெனி ஷிப்ட் வேலை நேரத்தில் தோற்றாலும் பாதுகாப்பில் வெல்கிறது. மாத ஊதியம் 21,000 ரூபாய்க்குள் உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு உண்டு. 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை அங்கே சென்று வரலாம் என்று மகப்பேறு நலச் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம் சொன்னது. இந்த உரிமையைப் பெண்கள் வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்காத இடத்தில் காப்பகம் என்று எழுதிய அறை சரக்கு அடுக்கும் அறையாகிவிடுவதை நான் கண்டிருக்கிறேன். காலை இடைவெளியை அரசுப் பள்ளிகளின் காலை உணவுத் திட்டம் ஏறக்குறைய மூடியிருக்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் விரிந்த அத்திட்டத்தால், ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளை பள்ளிக்குச் சற்று முன்பே போய்ச் சாப்பிட்டுவிடுகிறது. மாலை இடைவெளி மட்டும் அப்படியே இருக்கிறது. அதனால் கம்பெனியில் சேரும்போதே ஒரு ஷிப்ட் மட்டுமே வருவேன் என்று பேசிக்கொள்வது முக்கியம். ஒன்றரை ஷிப்டுக்கு ஒருமுறை ஒத்துக்கொண்டால், பிறகு அதிலிருந்து மீள்வது கடினம்.

இவ்விரண்டுக்கும் நடுவில் உள்ளது தெருவுக்குள்ளேயே இயங்கும் பவர் டேபிள். பத்து இருபது இயந்திரங்களோடு, பெரிய கம்பெனிகளிடம் ஜாப் ஒர்க் (கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் வேலை) எடுத்துத் தைக்கும் இந்தக் கூடங்களில் பீஸ் ரேட்டுக்கு வேலை செய்பவர், பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு ஒன்பதரைக்கு வந்து, மூன்றே முக்காலுக்கு எழுந்து போகலாம். தைத்த உருப்படிக்கே கூலி என்பதால் உரிமையாளர் பலர் இதற்குச் சம்மதிக்கிறார்கள். பள்ளி வயதுப் பிள்ளை உள்ள தாய்க்கு நான் முதலில் சொல்வது இந்த வழியைத்தான். துணித்தூசியும் கத்தரியும் வீட்டுக்குள் வருவதில்லை. மாலை நேரம் முழுவதும் பிள்ளைக்குக் கிடைக்கிறது. ஆர்டர் குறைந்த வாரங்களில் வேலையும் குறையும், சிறு கூடங்களில் பலவற்றில் இ.எஸ்.ஐ. இருக்காது, காப்பகம் கட்டாயமும் இல்லை என்ற இழப்புகளை அறிந்தே இதில் இறங்க வேண்டும்.

படித்த பெண்கள் பலர், பிள்ளை படிக்கும் தனியார் பள்ளியிலேயே வேலைக்குச் சேர்கிறார்கள். சம்பளம் பெரும்பாலும் சொற்பம். ஆனால் பிள்ளைக்கு விடுமுறை என்றால் தாய்க்கும் விடுமுறை என்பதை வேறெந்த வேலையும் தருவதில்லை, சில பள்ளிகளில் கட்டணச் சலுகையும் கிடைக்கிறது. வீட்டில் டியூஷன் எடுப்பது எளிதாகத் தோன்றினாலும், ஊரார் பிள்ளைகள் வரும் ஐந்து மணி முதல் எட்டு மணி வரைதான் நம் பிள்ளைக்கும் நாம் தேவைப்படுகிறோம். தவிர, பள்ளி ஆசிரியர்கள் தனிப்பயிற்சி நடத்தக் கூடாது என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு தடுப்பதால், இவ்விரண்டையும் சேர்த்துச் செய்ய எண்ணக் கூடாது.

கணினி வேலையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வெளிநாட்டு வாடிக்கையாளருக்காக இரவில் விழித்துச் செய்யும் வேலை, வீட்டிலிருந்தே செய்தாலும் ஷிப்ட் வேலைதான். டேட்டா என்ட்ரி தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்று கேட்பவர்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். கொடுத்து ஏமாந்திருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்ய வேண்டும்.

இன்னொரு குழந்தைக்கு ஆசைப்படும் தாய்மாருக்கு என் ஆலோசனை சற்று மாறுபடும். இ.எஸ்.ஐ.யில் பெண்ணுக்கு இரண்டு பிள்ளைகள் வரை 26 வாரம் முழு ஊதியத்துக்கு ஈடான பணம் கிடைக்கிறது. அதற்கு, முந்தைய இரண்டு சந்தா காலங்களில் (ஒவ்வொன்றும் ஆறு மாதம்) குறைந்தது 70 நாட்களுக்குச் சந்தா செலுத்தியிருக்க வேண்டும். ஆகவே, கம்பெனியை விட்டுப் பவர் டேபிளுக்கோ சொந்தத் தையலுக்கோ மாற நினைப்பவர், இரண்டாவது பிரசவமும் அதற்கான 26 வாரங்களும் முடிந்த பிறகு அந்த முடிவை எடுப்பதே நல்லது.