லிப்ரே ஆபீஸில் பாட்டுப் புத்தகம்: 25-ம் பக்கத் தலைவலி

தேவகோட்டை நண்பர் ஒருவர் கேட்டிருந்தார்: பழனி பாதயாத்திரைப் பாட்டுப் புத்தகத்தை வீட்டிலேயே அடிக்க லிப்ரே ஆபீஸ் ரைட்டர் என்ற இலவச மென்பொருள் போதுமா, வேர்டு வாங்க வேண்டுமா?

போதும். சில தைப்பூசங்களாக எங்கள் குழுவுக்கு அதில்தான் அடிக்கிறேன். பிரிண்ட் கொடுக்கும்போது 'புரோஷர்' (மடிக்கும் புத்தகம்) என்பதைத் தேர்ந்தெடுத்தால் பக்கங்களை அதுவே மாற்றி அடுக்கிக்கொள்ளும். 24 பக்கம் என்றால் முதல் தாளின் ஒரு புறம் 24-ம் 1-ம், மறுபுறம் 2-ம் 23-ம். மொத்தம் ஆறு ஏ4 தாள். நடுவில் மடித்து ஸ்டேப்ளர் பின் அடித்தால் புத்தகம் தயார். காசில்லாமல் கிடைக்கும் ஒன்றில் இந்த வசதி இருப்பதை இன்றும் நம்ப முடியவில்லை.

பக்க அளவை முதலிலேயே ஏ5 (ஏ4-இல் பாதி) என்று வைத்துவிடுங்கள். ஏ4-இல் தட்டச்சு செய்தால் சுருங்கி, 12 புள்ளி எழுத்து எட்டரைக்கு வந்துவிடும். ஆச்சிமார் கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாது. இருபக்கமும் அடிக்கும் பிரிண்டரில் தாளைக் குறுகிய விளிம்பில் திருப்பச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் ஒரு பக்கம் முருகன், மறுபக்கம் தலைகீழ் முருகன். அப்புறம், லேசர் பிரிண்டரே நல்லது. சாதாரண இங்க்ஜெட் மை வியர்வைக் கைபட்டு, வழியில் நத்தம் ஊரைத் தாண்டுவதற்குள் கரைந்துவிடும்.

சரி, என் எரிச்சலுக்கு வருகிறேன். எல்லாம் 24 பக்கத்தில் கச்சிதமாக முடிந்திருக்கும். கிளம்பும் நேரத்தில் பெரியப்பா வருவார். "தம்பி, இந்த வேல் பாட்டையும் சேத்துருப்பா." ஒரே பாட்டுதான். ஆனால் மடித்த புத்தகத்தில் 25 பக்கம் என்று ஒன்று கிடையாது, அடுத்தது 28. பின்னட்டையில் இருக்க வேண்டிய குழுவினர் போன் நம்பர்கள் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும், பின்னட்டை வெறுமையாக நிற்கும். வழி தவறியவர் எங்கே போய்த் தேடுவார்? கடைசிப் பாட்டுக்கும் நம்பர் பக்கத்துக்கும் நடுவே மூன்று வெற்றுப் பக்கங்களைக் கையால்தான் செருக வேண்டும். வருஷா வருஷம் இதே கூத்து.

மென்பொருளைத் திட்டுவது நியாயமில்லைதான். ஒரு தாளை மடித்தால் நாலு பக்கம். அதை யாரால் மாற்ற முடியும்? வேர்டில் 'புக் ஃபோல்டு' வைத்தாலும் இதே கணக்குதான், காசு கொடுத்துத் தப்பிக்க வழியில்லை. ஆனாலும் "கடைசி மூன்று பக்கம் காலியாக வரும், பரவாயில்லையா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் என்ன குறைந்துவிடும்? கேட்காது. முன்காட்சியைக் கவனிக்காமல் விட்டால், தாள் வெளியே வந்த பிறகுதான் நமக்குத் தெரியும். அட்டையைத் தனி பைலாக வைத்து அடித்தால் நம்பர்களாவது தப்பிக்கும். உள்ளே வெற்றுப் பக்கம் வருவது வரத்தான் செய்யும். அதற்கு 'குறிப்புகள்' என்று தலைப்புப் போட்டுச் சமாளிக்கலாம்.

ஆகவே நண்பரே, தாராளமாக லிப்ரே ஆபீஸை நம்பலாம். நான் மட்டும் இந்தத் தைக்கு அடிப்பதாக இல்லை. பைலை பிடிஎஃப் ஆக்கி காரைக்குடியில் ஒரு டிடிபி கடையில் கொடுத்துவிட்டேன். பெரியப்பா இனி அங்கே போய்ப் பாட்டுச் சேர்க்கச் சொல்லட்டும்.